துத்தக் குளியல்

ஞானசெல்வி முகத்தை எங்கே திருப்பினாலும் அந்த நாற்றம் மூக்கை விட்டுப் போகமாட்டேன் என்கிறது. மதுரையிலிருந்து வந்து எட்டே நாளான தங்கமீன் அவள் உள்ளங்கையில் கொழகொழவென்று நெளிகிறது. விலாப்புண்ணில் வெள்ளைப் பூஞ்சை நனைந்த பஞ்சாகத் தொங்க, அதனடியில் சீழ் கசிகிறது. ஜன்னல் வெயிலில் அந்தச் சீழும் மினுங்குகிறது. அவள் அரிசி களையும் குண்டானில், திராட்சைக் கொடிக்கு அடிக்கிற மயில்துத்தத்தைக் கரைத்துக்கொண்டிருக்கிறார் புருஷன் பொன்னுராஜ். தண்ணீர் நீலமாகிறது. “ஏங்க, கொடிக்கு அடிக்கிறத இதுக்குக் கரைக்கிறீகளே, தாங்குமா?” “இலையில பூத்த பூஞ்சைக்குக் கேக்குது, இதுக்குக் கேக்காதா? முக்கு செல்வி.” முக்குகிறாள். மீன் வெட்டித் துடிக்கிறது. உடம்பெல்லாம் கோழை திரண்டு, நூல்நூலாக அவள் விரலிடுக்கில் வழிகிறது. கையை உதறவும் வழியில்லை. துத்தக்கறை ஏறிய நகத்தால் மீனின் புண்ணை அவர் வழிக்க, பூஞ்சை பொதபொதவென்று கழன்று மிதக்கிறது. மீனின் செவுள் ஒருமுறை திறக்கிறது. மூடவில்லை. “ஏங்க, செத்துருச்சு.” அவர் காதில் ஏறவில்லை. மீனை வாங்கி வெயிலுக்கு நேரே புரட்டிப் புரட்டிப் பார்க்கிறார். “பாரு, ஒரு பொட்டுப் பூஞ்சை இல்ல!” சந்தோஷம் தாளாமல் அந்தக் கையாலேயே அவள் கன்னத்தைத் தட்டுகிறார்.