சீல் பிரிக்காத ரிவால்வர்

கூட்டத்தின் ஓரத்தில் செல்வதாஸ் நிற்பதைப் பார்த்ததும் சப்-இன்ஸ்பெக்டர் சஜிதாவின் முகம் கடுத்துவிட்டது. எந்த முகத்தோடு இங்கே வந்து நிற்கிறார் இந்த மனுஷன்?

பள்ளிப் பிள்ளைகளுக்காக ஆயுதப்படை மைதானத்தில் கண்காட்சி. மேஜையில் இரண்டு கைத்துப்பாக்கிகள். ஒன்று, இப்போது போலீஸ் இடுப்பில் இருக்கும் ஒன்பது எம்.எம். பிஸ்டல். மற்றது, உறைக்குள் அரக்குச் சீலோடு ஒரு பழைய ரிவால்வர். சஜிதாவின் அப்பா, சப்-இன்ஸ்பெக்டர் சகாயம், கடைசியாகக் கையில் பிடித்தது அதைத்தான்.

கடற்கரை ஊர் ஒன்றில் இரண்டு கோஷ்டி மோதிக்கொண்ட நாள் அது. சுடச் சொல்லி உத்தரவு வந்தும் துப்பாக்கி வெடிக்கவில்லை. தலையில் கல் பட்டு சகாயம் இறந்துபோனார். விசைக்குள் துரு, பராமரிக்காதது என் தவறு என்று எழுதிக் கொடுத்தவர், கூடப் பந்தோபஸ்துக்குப் போயிருந்த செல்வதாஸ். ஆயுத அறை அப்போது அவர் பொறுப்பில் இருந்தது. அன்றே சீல் வைத்த துப்பாக்கியை அப்புறம் யாரும் பிரிக்கவில்லை. அதோடு அவருடைய பதவி உயர்வு போயிற்று. போனால் என்ன, எட்டு வயதுப் பிள்ளைக்கு அப்பாவே இல்லாமல் போயிற்றே. இருபத்திரண்டு வருஷமாக அவர் வணக்கம் வைத்தால் சஜிதா திருப்பி வைத்ததில்லை.

புதுசில் பதினேழு குண்டு, எடை குறைவு, சட்டென்று சுடலாம் என்று பிள்ளைகளுக்கு விளக்கினாள். பழசில் ஆறே குண்டு, விசை கனம், விரலுக்கு நல்ல பலம் வேண்டும். பிறகு வேண்டுமென்றே குரலை உயர்த்தினாள்.

"ஆனா இது சுடாமப் போனதுக்கு விசை கனம் காரணமில்ல. ஒருத்தர் எண்ணெய் போடச் சோம்பல் பட்டாரு. அதனால ஒரு ஆபீசர் செத்தாரு."

செல்வதாஸ் தலையைக் குனிந்துகொண்டு வாசலைப் பார்த்து நடந்தார். சஜிதாவுக்கு நெஞ்சு கொஞ்சம் ஆறியது.

"எந்த இடத்துல சிக்கிச்சு மேடம்?" என்று ஒரு மாணவி கேட்டாள்.

நியாயமான கேள்வி. எப்படியும் பழசென்று கழித்து அடுத்த வாரம் உடைக்கப்போகிற துப்பாக்கி. சஜிதா சீலைப் பிரித்தாள். உள்ளே குண்டு இல்லை என்பதை இப்போதைய ஆயுத அறைக்காரர் மகேஷ்குமார் பார்த்துக் கொடுத்தார். மணல் வாளியை நோக்கிப் பிடித்து, நகராது என்ற நினைப்பில் பல்லைக் கடித்துக்கொண்டு அழுத்தினாள்.

டக்.

மறுபடியும் டக். ஆறு தடவையும் ஒரே சீராக.

மகேஷ்குமார் டார்ச் அடித்துப் பார்த்தார். "துரு ஒரு பொட்டு இல்ல மேடம். நல்லா எண்ணெய் போட்டு வச்ச துப்பாக்கியாக்கும். அன்னைக்கும் சுட்டிருக்கும்."

அப்படியானால் அப்பா விசையை அழுத்தவே இல்லை. உத்தரவு வந்தும் சுடாதவரை ஊர் கோழை என்று சொல்லியிருக்கும். அந்தப் பேர் வராமல் இருக்கத்தான் இந்த மனுஷன் பழியை வாங்கிக்கொண்டிருக்கிறார். சஜிதாவுக்கு உடம்பெல்லாம் கூசியது.

ஓடிப் போய் பஸ் நிறுத்தத்தில் அவரைப் பிடித்தாள். கை கூப்பினாள்.

"மாமா, எங்கப்பா பேரக் காப்பாத்தத்தானே நீங்க அப்படி எழுதுனீங்க? நான் போய் உங்கள..."

செல்வதாஸ் அவள் கைகளைப் பிடித்துக் கீழே இறக்கினார்.

"கும்பிடாத மக்ளே. அன்னைக்கு முன்னால கல்லோட நின்னது எனக்க மவன் எபிசன். பதிமூணு வயசு. ஆளு தெரிஞ்சுதான் ஒனக்க அப்பா சுடாம நின்னாரு." முகத்தை ரோட்டுப் பக்கம் திருப்பிக்கொண்டார். "கல்ல எறிஞ்சதும் அவன்தான்."

சஜிதா கையை இழுத்துக்கொண்டாள். அவர் தடுக்கவில்லை.

"ஜீப்புல எனக்க மடியிலதான் கெடந்தாரு. துப்பாக்கிய எனக்க கையில தந்து, 'பய சின்னவனாக்கும் ஓய், ஏன் சுடலன்னு கேட்டா அவன் பேரு வெளிய வரும், துப்பாக்கி கேடுன்னு எழுதிரும்'னு சொன்னதும் ஒனக்க அப்பாதான்."