எல்லா எழுத்துக்கும் பொட்டு

“அப்புறம் என்னடி, ஒரு எழுத்து விடாம ஒட்டிட்டேன், இனி ஒனக்குக் கண்ணே வேணாம்!” என்று புஷ்பா சிரிக்கிறாள். பார்வையில்லாத தங்கை யோகராணி கணினியின் விசைப்பலகை மேல் விரல்களை வைக்கிறாள். இலங்கையின் மாத்தளையில், மாடியில் நடக்கும் ஒரு கணினி வகுப்பு. கீழே இரத்தோட்டை போகும் பஸ் ஹோர்ன் அடிக்கிறது. விரல் வைக்கும் இடத்தைக் காட்ட எஃப், ஜே விசைகளில் இருந்த சின்ன மேடுகள் தேய்ந்துவிட்டன. அதற்காகத்தான் புஷ்பா ஒரு பாக்கெட் கல் பொட்டையும் ஒட்டித் தீர்த்திருக்கிறாள். ஜன்னல் வெயிலில் பலகை முழுக்க மினுங்குகிறது. வகுப்பு எடுக்கும் மிஸ் வந்ததும் ஒரு வரி அடித்துக் காட்ட வேண்டும். பிழையில்லாவிட்டால்தான் யோகராணிக்கு வகுப்பில் இடம். அவள் விரல்கள் ஊர்கின்றன, நிற்கின்றன, மறுபடி ஊர்கின்றன. “அக்கா, எல்லாத்துலயும் கல்லு குத்துது. எது எதுன்னு நான் எப்பிடிக் கண்டுபிடிக்கிறது?” புஷ்பாவின் சிரிப்பு அடங்குகிறது. “ஐயோ, இது எனக்கு வெளங்கலையேடி!” “எஃப், ஜே ரெண்டுல மட்டும் விடுக்கா.” இருவரும் நகத்தால் கிள்ளி எடுக்கிறார்கள். எடுத்ததையெல்லாம் யோகராணி அக்காவின் கையிலேயே ஒட்டுகிறாள். “ஏய், என்னைய மாரியம்மன் தேராக்கிட்டியே!” படியில் செருப்புச் சத்தம் கேட்கிறது. மிஸ் வந்து ஒரு வரி சொல்கிறார். இரண்டு பொட்டுகளிலிருந்தும் விரல்கள் விரிந்து ஓடுகின்றன. கணினியின் ஆங்கிலக் குரல் அவள் அடிக்கும் ஒவ்வொரு எழுத்தையும் சொல்லிக்கொண்டே போகிறது. “ஒரு பிழையும் இல்ல, நாளைக்கும் வாங்க யோகராணி,” என்கிறார் மிஸ். யோகராணி விரல்களை எடுக்கவில்லை. புஷ்பாவுக்குத்தான் கை சும்மா இருக்கவில்லை: “இலக்கம் இருக்குற பக்கத்துல, விரலுக்கு எடம் தெரிய, நடுவுல உள்ள அஞ்சுல மட்டும் இன்னொண்ணு ஒட்டினா நல்லதுதானே மிஸ், நீங்க என்ன சொல்றீங்க?”