மூடிய முகம்

"குடிச்சிட்டாய்யா செதுக்கினே?"

ஓவியர் ஹூப்ரெக்ட் அச்சுப் படத்தை லீவனின் மேஜைமேல் வீசினார்.

விபசாரத்தில் பிடிபட்ட பெண்ணை இயேசுவின் முன்னால் இழுத்து வந்து நிறுத்தும் காட்சி. ஹூப்ரெக்ட் வரைந்த அசல் ஓவியம் ஆன்ட்வெர்ப் நீதிபதி வீட்டு மாடியில் தொங்குகிறது. அதைப் பார்த்துச் செப்புத் தகட்டில் செதுக்கி, ஊருக்கெல்லாம் அச்சடித்துக் கொடுப்பது லீவனின் வேலை. ஹூப்ரெக்ட் பிரஸ்ஸல்ஸ் போய்த் திரும்புவதற்குள் படம் கடைக்கே வந்துவிட்டது.

இயேசு அப்படியே இருந்தார். கல்லோடு நின்றவர்களும் அப்படியே இருந்தார்கள். அந்தப் பெண் மட்டும் இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டு நின்றாள்.

"என் ஓவியத்துல அவ நிமிர்ந்துல்ல பார்க்கிறா! அந்தக் கண்ணுக்காக ஒரு குளிர்காலம் முழுக்க உசிரை விட்டிருக்கேன். எங்கேய்யா அது?"

லீவன் தலையைச் சொறிந்தார். "உளி வழுக்கிடுச்சு ஐயா. முகத்துல கீறல் விழுந்துடுச்சு. வேற வழியில்லாம கையை வச்சு மூடிட்டேன்."

"இத்தனை வருஷமா வழுக்காத உளி, என் படத்துக்குத்தான் வழுக்குமா?"

லீவன் உளியை எடுத்துத் துணியில் துடைக்க ஆரம்பித்தார்.

"இனி என் படம் ஒண்ணுகூட உன் கைக்கு வராது. வேற எவனும் கொடுக்காமலும் பாத்துக்கறேன்!"

உள்ளேயிருந்து லீவனின் மனைவி பதறி வந்தாள். "ஐயா, ஒரே ஒரு தடவை..."

"நீ உள்ளே போ" என்றார் லீவன்.

ஹூப்ரெக்ட் தடதடவென்று படியிறங்கினார். இன்றைக்கே வேறு ஆளைப் பிடித்து, முதலிலிருந்து செதுக்கச் சொல்லிவிட வேண்டும். கோபத்தில் கால் தரையில் பாவவில்லை.

மீன் சந்தை வழியாகத்தான் போக வேண்டியிருந்தது. அங்கே படக்கடை முன்னால் ஒரே கூட்டம்.

"எவடா இவ? மூஞ்சியைக் காட்ட மாட்டேங்கிறா!"

"காட்டினா உன் பொண்டாட்டின்னு தெரிஞ்சுடும்ல!"

சிரிப்பு.

"நம்ம ஊருக்காரியைத்தான் நிக்க வச்சு வரைஞ்சாராம்ப்பா. யாருன்னு மட்டும் தெரியட்டும், இந்தப் பக்கம் தலைகாட்ட விட்டுடுவோமா?"

பக்கத்திலேயே ஹெர்ரிங் மீனின் வயிற்றைக் கீறிக்கொண்டிருந்தவள் குனிந்த தலை நிமிரவில்லை.

மாய்க்கே!

ஹூப்ரெக்ட்டுக்குத் திக்கென்றது. புருஷனைக் கடல் கொண்டுபோன வருடம், ரொட்டிக்காக அவர்முன் வந்து நின்றவள். 'பெரிய மனுஷன் வீட்டு மாடியில தொங்கப்போவுது, உன்னை யாரு பார்க்கப்போறா?' என்று சொல்லித்தான் அந்தப் பெண்ணாக நிற்க வைத்து வரைந்தார். அச்சுக்குக் கொடுத்தபோது அந்த வார்த்தை ஞாபகத்துக்கே வரவில்லை.

"உளி வழுக்கலை..." என்று முணுமுணுத்தார்.

லீவன் வீட்டுப் பக்கமே திரும்பி நடந்தவரை மாய்க்கே ஓடி வந்து மறித்தாள். குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"படம் அச்சாகப்போவுதுன்னதும் செத்துடலாம்னு இருந்தேன் ஐயா. லீவன் ஐயாகிட்டப் போய் அழுதேன். 'உன் முகம் வராதும்மா'ன்னு அவர் சொன்னப்புறம்தான் உசிரே வந்துது. நீங்க நல்லா இருக்கணும்!"

"நானா? நான் என்னம்மா செஞ்சேன்?"

"தெரியாத மாதிரி கேக்காதீங்க ஐயா. முகத்தை மூடச் சொன்னதே நீங்கதான்னு லீவன் ஐயா சொல்லிட்டாரே!"