அப்பா கரடி வரும் காட்சி

டிசம்பர் கடைசி நாளில், அந்த வருடம் வீட்டில் பார்த்து ரசித்த கார்ட்டூன்களின் பட்டியலை அந்தப் பேசும் டிவி காட்டியது. ஏழு வயது ஆன்ஸி அதில் கரடிப் படத்தைத் தொட்டாள்.

“யம்மா, இதுல கடைசியில கரடிக்குட்டியோட அப்பா வந்துருமாம்ல? என் ஃப்ரெண்டு டெய்சி வீட்டுல வந்துச்சாம். நம்ம வீட்டுல மட்டும் ஏன் வரல?”

அம்மா ஜெசிந்தா திடுக்கிட்டு டிவியிடம் கேட்டாள். “அந்தக் காட்சிய ஏன் வெட்டுன?”

“பார்ப்பவரை அழவைக்கும் காட்சிகளை நீக்கிவிடுவேன். இந்த ஆண்டு, அப்பாக்கள் வீடு திரும்பும் முப்பத்தொரு காட்சிகளை நீக்கினேன்.”

“எம்புள்ள ஒரு நாளும் அழலியே!”

“என் கேமராவில் பார்த்தேன். குழந்தை அழவில்லை. பின்னால் நாற்காலியில் இருந்தவர் அழுதார்.”

கணவர் இறந்ததிலிருந்து, மகளுக்குத் தெரிய ஒரு சொட்டுக் கண்ணீர் விட்டதில்லை என்று ஜெசிந்தா நினைத்திருந்தாள்.

“படத்த முழுசாப் போடு” என்றாள்.

“போடுகிறேன். அழுதால் நிறுத்திவிடுவேன்.”

படம் முடியப்போகும் நேரத்தில், பனியை உதறிக்கொண்டு அப்பா கரடி குகை வாசலில் வந்து நின்றது. ஆன்ஸி எழுந்து ஓடி, ஸ்டூலில் ஏறி, டிவியின் கேமராவை உள்ளங்கையால் பொத்திக்கொண்டாள்.

“இப்ப அழும்மா. அதுக்குத் தெரியாது.”