நொண்டாத குதிரை

லாயத்துக்குப் புதிதாக வந்த குதிரையின் முன்னங்கால் குளம்பில் ஒரு கூழாங்கல் சிக்கியிருந்தது. ஒவ்வொரு அடிக்கும் அது குத்தியது. ஆனாலும் குதிரை நேராகவே நடந்தது.

பக்கத்தில் கட்டியிருந்த கழுதைக்குப் பொறுக்கவில்லை. "யாரும் இல்லாதப்போ அந்தக் காலை ஊனவே மாட்டேங்கிற. ஆள் வந்தா மட்டும் ராஜா மாதிரி நடக்கிற. கொஞ்சம் நொண்டித்தான் காட்டேன்!"

"பழைய இடத்துல நொண்டினேன். நடிக்கிறேன்னு சொல்லி சாட்டை பிய்யுற வரைக்கும் அடிச்சாங்க."

"இங்க பழக்குற அம்மா கையில சாட்டையே இல்லையே."

"எங்கேயாவது வச்சிருப்பாங்க."

குதிரைகளைப் பழக்குகிற சலோமி வந்து, கயிற்றைப் பிடித்துக் குதிரையோடு நடந்தாள். பாதி வழியில் வலி தாங்காமல் குதிரை நின்றுவிட்டது. காதுகளைப் பின்னால் மடக்கி, அடிக்குக் காத்திருந்தது. கயிறு தொய்வாகவே கிடந்தது. சலோமியும் நின்றிருந்தாள்.

"அவசரம் ஒண்ணுமில்ல கண்ணு. உனக்கு எப்ப தோணுதோ அப்ப நடக்கலாம்."

குதிரை வெகுநேரம் யோசித்தது. பிறகு ஒரே ஒரு அடி நொண்டியது.

சலோமி சட்டென்று குனிந்து, அந்தக் காலை மடியில் ஏந்திக் கல்லை எடுத்தாள். குளம்பைத் துடைத்துத் தடவிக்கொடுத்தாள்.

மறுநாளும் குதிரை நொண்டியது.

"இன்னிக்குத்தான் கல் இல்லையே!" என்றது கழுதை.

"தெரியும்" என்றது குதிரை.

சலோமி காலை மடியில் ஏந்திப் பார்த்தாள். கல் இல்லை. ஆனாலும் அவள் அந்தக் காலைக் கீழே விடவில்லை.