தலையணை உறை

அந்த வளர்ப்பகத்து முள்ளெலி யாருடைய வாசம் படிந்த துணியில் பிறக்கிறதோ, அவர் கையில் மட்டும்தான் விரியும். மற்றவர் தொட்டால் சுருண்டுகொள்ளும். மூன்று வருடம் நிலவில் வேலை பார்த்துவிட்டுத் திரும்பும் மகள் தமயந்திக்காக, அவளுடைய பழைய தலையணை உறையைத்தான் செண்பகம் அங்கே கொடுத்திருந்தாள்.

தமயந்தி வந்து சேர்ந்ததும் இருவரும் போய்க் குட்டியைக் கூடையில் வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள். கூடமெங்கும் மாலை வெயில் தேனாய்த் தேங்கிக் கிடந்தது. நிலவின் நடை இன்னும் மறக்காத தமயந்தி, மிதப்பதுபோல் வந்து கை நீட்டினாள். குட்டி முள்பந்தானது.

"என்னம்மா, இதுக்கு என்னைத் தெரியலையே?"

செண்பகம் பந்தைக் கையில் வாங்கினாள். அது மெல்ல விரிந்து, அவள் மணிக்கட்டில் மூக்கைப் புதைத்துத் தூங்கிப்போனது.

தமயந்தி அம்மாவையே பார்த்தாள்.

"தினமும் என் தலகாணியிலதான் படுத்தியாம்மா?"

"உன் ரூம்லதான்டி காத்து நல்லா வருது," என்றாள் செண்பகம்.