இரண்டு முழம்

சகலை கதிர்வேல் ஓரிக்கையில் பழைய வீடு வாங்கப் போகிறான் என்றதும் பஞ்சாட்சரத்துக்கு வயிறு எரிந்தது. மோர் குடித்தும் அடங்கவில்லை. "அண்ணா, குறை இருந்தா உங்க கண்ணுக்குத்தான் தெரியும், வந்து பாருங்க" என்று அவனே கூப்பிட்டபோது, கேட்டு முடிப்பதற்குள் செருப்பை மாட்டிவிட்டார்.

நெசவாளர் இருந்த வீட்டில் முதலில் தரையைத்தான் பார்க்க வேண்டும். தறிக்குழியைச் சரியாக மூடாவிட்டால் ஒருநாள் தரை உள்வாங்கும். கூடம் முழுக்கக் குதிகாலால் குத்திப் பார்த்தார். கல் மாதிரி இருந்தது. சுவரில் விரிசலும் இல்லை, ஈரமும் இல்லை. அவர் முகம்தான் வாடியது.

கடைசி நம்பிக்கையாக நூல் பிடித்து அளந்தார். வீட்டின் வெளிப்புற அகலத்தைவிட உள்ளே கூடம் இரண்டு முழம் அதிகமாக இருந்தது. மறுபடி அளந்தார். அதேதான்.

"இன்னாண்ணா, குறை இருக்குதா?"

"குறை இல்லப்பா. எச்சாதான் இருக்குது. வாங்கிக்கோ."

அவனுக்கென்றால் சுவர்கூட நகர்ந்து இடம் கொடுக்கிறதே என்று வழியெல்லாம் பொருமிக்கொண்டு வந்தார்.

அவர் வீட்டு வாசலில் கட்டில் பாதி தெருவுக்கு நீட்டிக்கொண்டிருந்தது. மனைவி இளவரசி பக்கத்தில் துடைப்பத்தோடு நின்றாள்.

"கூட்டறதுக்கு வெளிய எடுத்தேங்க. திரும்பப் போட்டா ரெண்டு முழம் உள்ள போக மாட்டேங்குது. கட்டில் வளருமா இன்னா?"

பஞ்சாட்சரம் கட்டிலை அளந்தார். அது வளரவில்லை.